வளைவுக்கு வேண்டிய மூன்றாவது ஆள்

சந்தையில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தராசு பழுது பார்ப்பது தொழில். முள் ஒட்டிக்கொண்ட பழைய தராசோ, எண் தாவுகிற மின்னணுத் தராசோ, எது வந்தாலும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் கொண்டுவந்த கடைக்காரரின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வார். முப்பது வருடத்தில் அவர் கண்டுகொண்டது, தராசு தானாகக் கெடுவது அபூர்வம் என்பதுதான். தட்டுக்கு அடியில் காந்தம் இருக்கும், இல்லாவிட்டால் சுருள்வில்லில் ஒரு துண்டு ஈயம் இருக்கும், அதுவும் இல்லையென்றால் கடைக்காரரின் கட்டைவிரல் இருக்கும். ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் அதன் அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்க்கிற குணம் அவருக்கு வந்துவிட்டது. காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

இப்படிப்பட்ட மனிதரைச் சாலை மரணப் புள்ளிவிவரத் துறையின் படியேற வைத்தது அவருடைய தங்கையின் சாவு.

தங்கை துணி ஆலையில் பொத்தான் பிரிவில் வேலை பார்த்தவள். வேலை முடிந்து பேருந்தில் வந்து, கிடங்குச் சுவரை ஒட்டிய வளைவில் இறங்குவாள். நிறுத்தத்தை அங்கே வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. சுவர் உயரம், இறங்கி எதிர்ப்பக்கம் போகிறவருக்கு வருகிற வண்டி தெரியாது, வண்டிக்காரருக்கு ஆள் தெரியாது. பத்தடி தூரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஐந்தாம் தேதி மாலை நான்கு மணிக்கு ஒரு லாரி அவளை அடித்தது. ஆஸ்பத்திரியில் பதினான்காம் படுக்கையில் கிடந்து, மறுமாதம் நான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு இறந்துபோனாள். அந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள் என்பதை இங்கேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

அவளுடைய மகள், பதினெட்டு வயதுப் பெண், மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மருந்தாளுநர் படிப்பு. தினமும் ஐந்தேகால் பேருந்தில் வந்து, அதே நிறுத்தத்தில் இறங்கி, அதே வளைவைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். சுற்றிப் போகலாமென்றால் குறுக்கே ரயில் பாதை. ஐந்து மணி ஆனால் தராசுக்குக் கை வேலையில் நிற்காது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு வளைவுக்கு ஓடி, லாரி வருகிறதா என்று சுவரின் மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்படி எத்தனை நாளைக்கு நிற்க முடியும் என்று யோசித்துத்தான் சாலை அலுவலகத்துக்குப் போனார். ஒரு எச்சரிக்கைப் பலகை, ஒரு வேகத்தடை. அவ்வளவுதான் கேட்டார்.

சாலைப் பொறியாளர் விதியைச் சொன்னார். ஒரே இடத்தில் மூன்று வருடத்துக்குள் மூன்று பேர் இறந்தால்தான் அது அபாய இடம். அபாய இடத்துக்குத்தான் பலகை. இந்த வளைவில் இதுவரை இரண்டே பேர்: ஒரு பால் வண்டிக்காரர், சைக்கிளில் வந்த ஒரு காவலாளி. இருவரும் அந்த இடத்திலேயே போனவர்கள்.

"இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறையுது," என்றார் பொறியாளர், கேரம் ஆட ஆள் தேடுகிறவர் போல.

அந்த ஆள் என் தங்கைதான் என்று தராசு சொன்னார். பொறியாளர் பதிவைப் புரட்டிவிட்டு, அப்படி யாரும் இதில் சாகவில்லையே, புள்ளிவிவரத் துறையில் போய்க் கேளுங்கள் என்றார். தங்கையைச் சாவுக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைகிற அண்ணன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்று நினைக்க நினைக்கத் தராசுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் போனார்.

புள்ளிவிவரத் துறையின் கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவர் நிறைய ஒரு வரைபடம். சாலை மரணங்களைக் காட்டும் சிவப்புக் கோடு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கிய வேகத்தில் தாள் போதாமல் கீழே இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். இந்த வருடக் கோடு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. அதற்கு இடம் விடுவதற்காகப் பார்வையாளர் நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். எனவே தராசு நின்றுகொண்டிருந்தார்.

இணை இயக்குநர் நல்ல மனிதர். குரல் உயர்த்தாதவர், எதிரே இருப்பவருக்குத் தேநீர் சொல்லிவிட்டுத்தான் மறுப்பவர். அவர் பொறுமையாக விளக்கினார். சாலையில் அடிபட்டு முப்பது நாளுக்குள் இறந்தால் அது சாலை மரணம். முப்பத்தோராம் நாள் இறந்தால் அது வெறும் மரணம். தங்கச்சி முப்பத்தோராம் நாள் இறந்திருக்கிறார். துறை வருந்துகிறது.

தராசு விரல் மடக்கி எண்ணினார். ஐந்தாம் தேதி நான்கு மணியிலிருந்து நான்காம் தேதி பதினொரு மணிவரை இருபத்தொன்பது நாள், பத்தொன்பது மணி நேரம்தானே ஆகிறது என்றார்.

"நாங்க மணியெல்லாம் பாக்கறதில்ல," என்றார் இணை இயக்குநர். "அடிபட்ட நாளையும் முழு நாளா எடுத்துப்போம், இறந்த நாளையும் முழு நாளா எடுத்துப்போம். அடிபட்டவங்க விஷயத்துல துறை கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுங்க."

"எப்பவுமே இப்படித்தான் எண்ணுவீங்களா, சார்?"

"முன்னாடி மணிக் கணக்குதான் இருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி நான் வந்து மாத்தினேன். ஒரே வருஷத்துல ஒன்பது சதவீதம் குறைஞ்சுது. ஒரு ரோட்டையும் தொடல, ஒரு வண்டியையும் நிறுத்தல." அலமாரியில் இருந்த கேடயத்தை அவர் காட்டினார். அதில் உயிர் காத்தமைக்காக என்று பொறித்திருந்தது.

தராசுக்கு உள்ளங்கை அரித்தது. தட்டுக்கு அடியில் கட்டைவிரல் இருப்பதை அவர் கை எப்போதும் அவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். மேல்முறையீட்டுப் படிவம் கேட்டார். இணை இயக்குநர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். குடிமக்கள் படிவம் கேட்பதும் ஒரு புள்ளிவிவரம்தான், அது ஏறுவது துறைக்கு நல்லது என்றார்.

அதன்பிறகு தராசு வாரத்துக்கு மூன்று நாள் துறைக்குப் போய் நின்றார். நிற்கிறவனுக்கு எல்லாம் கண்ணில் படும். வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அறிவிப்பு இருந்தது: மக்கள் அதிகம் இறப்பது செவ்வாய்க்கிழமை, அதிலும் காலை பதினொன்றரை மணிக்கு. ஆகவே செவ்வாய்தோறும் பதினொன்றரைக்கு நகரத்தின் போக்குவரத்துக் காவலர்கள் அத்தனை பேரையும் சாலையில் இறக்கும்படி துறை பரிந்துரைத்திருந்தது. அது நடந்துகொண்டும் இருந்தது. மற்ற நாட்களில் அவர்கள் ஓய்வெடுத்தார்கள்.

இரண்டாம் வாரம் தராசு ஒன்றைக் கவனித்தார். பதிவு எழுத்தர் அம்மா வாரம் முழுதும் வந்துசேரும் விபத்து அறிக்கைகளை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். செவ்வாய்க்கிழமை தேநீர் குடித்து முடித்ததும் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவார். ஏற்றுகிற நாளும் நேரமும் அந்தந்தக் கட்டத்தில் தானாக விழுந்துவிடும். தராசு மெதுவாக அருகில் போய், இவர்களெல்லாம் செவ்வாய்க்கிழமையா இறந்தார்கள் என்று கேட்டார்.

எழுத்தர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க என்னைக்கு வேணாலும் சாகட்டும்ங்க. எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் கை ஒழியும்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் துறையிலேயே ஒளிவுமறைவு இல்லாத ஆள் அவர்தான் என்று தராசுக்குத் தோன்றியது. மறுபடி யோசித்தபோது, அங்கே யாருமே எதையும் ஒளிக்கவில்லை என்பது புரிந்தது. சந்தையில் திருடுகிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான். இவர்கள் எல்லோரும் கண்ணைப் பார்த்தார்கள்.

மேல்முறையீடு காரணி நிர்ணயக் குழுவுக்குப் போனது. நீள மேசை, ஐந்து உறுப்பினர்கள், தட்டில் பிஸ்கட். ஒவ்வொரு சாவுக்கும் பங்களித்த காரணங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பங்கு போடுவது அவர்கள் வேலை. படிவத்தில் ஓட்டுநர் கவனக்குறைவு, பாதசாரி கவனக்குறைவு, வானிலை, கால்நடை என்று நான்கு கட்டங்கள். லாரி ஓட்டுநர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர் மேல் பழி போடுவது நியாயமில்லை என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். அன்று வெயில். கால்நடை எதுவும் தென்படவில்லை. மிச்சம் இருந்தது பாதசாரிதான். தங்கைக்கு நூற்றுக்கு நூறு போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் எந்தப் பாடத்திலும் வாங்காத மதிப்பெண்.

சாலைக்கு எத்தனை என்று தராசு கேட்டார். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே அப்படியே நிறுத்திவிட்டார், அது கரைந்து உள்ளே விழுந்தது.

இணை இயக்குநர்தான் பதில் சொன்னார். "சாலைக்குக் கட்டமே இல்லைங்க. அது பாட்டுக்கு இருந்த இடத்துல இருந்துச்சு. அடிபட்டது யாரு? நகர்ந்தவங்க. நாங்க ரொம்ப ஆழமா ஆராய்ச்சி பண்ணிருக்கோம். வளைவுல அடிபட்டவங்கள்ல நூத்துக்கு எண்பத்தொண்ணு பேர் அதுக்குச் சித்த முன்னாடிதான் ஏதோ ஒரு வண்டிலேருந்து இறங்கியிருக்காங்க. இறங்கறதுதான் நம்ம மக்களோட பெரிய பிரச்சினை. உங்க தங்கச்சி அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பாங்க."

"அடுத்த நிறுத்தத்துலயும் இறங்கித்தானே சார் ஆகணும்?"

"அது அந்த நிறுத்தத்தோட புள்ளிவிவரத்துல வரும்."

தராசுக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அவர் கவிழ்க்கவில்லை. ஐந்தேகால் பேருந்து நினைவுக்கு வந்தது. நூற்றுக்கு நூறு தங்கை மேலேயே இருக்கட்டும், ஆனால் அவளை அந்த வளைவில் இறந்தவளாக மட்டும் எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினார். நாட்களை மணிக் கணக்கில் எண்ணிக் காட்டும் மூன்று பக்க மனுவையும் நீட்டினார். குழு ஒரு மாதம் யோசித்தது. கடைசியில் வந்த கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் தராசு அங்கேயே உட்கார்ந்து அழுதார். தங்கள் தங்கை முப்பது நாளுக்குள் இறந்தது சிறப்பு நேர்வாக ஏற்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டாம் வரியில், அபாய இடத்தில் உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் உடனே செய்யப்படும் என்று இருந்தது.

அவர் உடனே வளைவுக்கு ஓடினார். ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போனது. எட்டாம் நாள், தங்கையைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸிடமிருந்து தொலைபேசி வந்தது. நீங்கள் வந்து இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார்.

தீவிர சிகிச்சை வார்டின் கதவருகே, பதினான்காம் படுக்கைக்கு நேரே, ஆளுயர இரும்புக் கம்பத்தில் மஞ்சள் பலகை ஒன்று நின்றது. அபாய இடம், வேகத்தைக் குறைக்கவும். அதற்கு முன்னால் வழியின் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாக ஒரு ரப்பர் வேகத்தடை. சாலையில் அடிபட்டவர்கள் இறந்த இடம் என்ற கட்டத்தை இறப்புச் சான்றிதழைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். பதினான்காம் படுக்கையில் இது மூன்றாவது சாவு.

அறுவை முடிந்து வந்த ஒருவரை அப்போது தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தடையில் ஏறி இறங்கியதும் மயக்கத்திலேயே அவர் ஐயோ என்றார்.

"போன வாரத்துல மட்டும் ரெண்டு பேருக்குத் தையல் பிரிஞ்சுடுச்சுங்க," என்றார் தலைமை நர்ஸ். "துறைலேருந்து வந்து வேகம் அளந்துட்டுப் போனாங்க. தள்ளுவண்டி முன்னாடி மணிக்கு நாலு கிலோமீட்டர்ல போச்சாம், இப்ப ரெண்டாம். பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்காங்க. இந்தச் சனியனை நீங்களாவது எடுத்துட்டுப் போயிடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

தராசு பலகையைத் தட்டிப் பார்த்தார். நல்ல கனமான தகடு, எடை குறையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரும் தங்கை மகளும் ஒரு தள்ளுவண்டியில் பலகையையும் ரப்பர் தடையையும் ஏற்றிக்கொண்டு வளைவுக்குப் போனார்கள். அவர் குழி தோண்டினார், அவள் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொன்னாள். கம்பத்தை நட்டு, கல் கெட்டித்து, தடையை ஆணி அடித்து இறுக்கினார். தண்ணீர்மட்டம் வைத்துக் கம்பம் நேராக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தார். முதலில் வந்த லாரி பலகையைப் பார்த்ததும் முனகிக்கொண்டு வேகம் குறைத்தது. தங்கை மகள் அம்மா அடிபட்ட இடத்தில் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கடிதம் வந்தது. மரண எண்ணிக்கை இரண்டே உள்ள இடத்தில் அனுமதியின்றி அபாயப் பலகை நிற்பதாகவும், அது புள்ளிவிவரத்தை அவமதிப்பதாகவும், உடனே அகற்றப்படும் என்றும் எழுதியிருந்தது. தராசு இணை இயக்குநரிடம் ஓடினார். அவர் வழக்கம்போல் தேநீர் சொன்னார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ரெண்டு பேர் செத்த இடத்துல மூணு பேர் செத்த பலகையை வைக்கறது பொய் இல்லையா? நீங்களே தராசு பாக்கறவரு. மூணாவது ஆள் வரட்டும், நானே முன்னால நின்னு வைக்கிறேன்."

மூன்றாவது ஆள் யாராக இருக்கும் என்று தராசு கேட்கவில்லை. வளைவுக்குப் போனார்.

பலகையை எடுக்கச் சாலைப் பணியாளர் ஒருவர் வந்திருந்தார். தோளில் கடப்பாரை, கையில் படிவம். சாலையோரம் நின்று வளைவை இப்படியும் அப்படியும் பார்த்தார். சுவருக்கு அப்பால் உறுமல் கேட்டது; ஒரு லாரி வந்து, தடையருகே வேகம் குறைத்து, ஏறி இறங்கிப் போனது. அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, முதல்ல தடையைப் பேர்க்கணும். அதுக்கு நடு ரோட்டுல குந்தணும். தடை இல்லாட்டி வண்டி நிக்காது. வண்டி நிக்காத ரோட்டுல நான் எப்படிக் குந்தறது?"

தராசு கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு," என்றார் பணியாளர். படிவத்தில் அகற்றப்பட்டது என்ற கட்டத்தில் குறி போட்டார். புகைப்படம் வேண்டும் என்று இருந்தது. பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ப்பக்கத்து வெறும் சாலையைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு படிவத்தைத் தராசிடம் நீட்டினார். கீழே நேரில் கண்ட சாட்சி என்று ஒரு கோடு.

முப்பது வருடத்தில் தராசு ஒரு கிராம் பொய்க்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காகவே சந்தையில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. பேனாவை வாங்கினார். கையெழுத்து அழகாக விழுந்தது.

வருட முடிவில் துறை தன் புத்தகத்தை வெளியிட்டது. குடிமக்கள் பங்கேற்புக்கு எடுத்துக்காட்டு என்று தராசையும் விழாவுக்கு அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் தங்கை நூற்று நான்காம் பக்கத்தில் இருந்தாள், பதினான்காம் படுக்கையில். வளைவு அறுபதாம் பக்கத்தில் இருந்தது. பலகை இல்லை, வேகத்தடை இல்லை, மரணம் இல்லை.

இணை இயக்குநர் ஒலிபெருக்கியில் நெகிழ்ந்தார். "இந்த வளைவுக்குப் பலகை வேணும்னு இங்க உட்கார்ந்திருக்கிற இந்தப் பெரியவர் எத்தனை நாள் எங்ககிட்ட நடந்தாரு தெரியுமா? நாங்க வைக்கல. வைச்சிருந்த ஒண்ணையும் எடுத்துட்டோம். என்ன ஆச்சு? எட்டு மாசமா ஒரு சாவு இல்ல. பலகையால உயிரைக் காப்பாத்த முடியாதுங்கறதுக்கு இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்? எடுக்கும்போது இவரே நேர்ல சாட்சி. அப்படித்தானே, ஐயா?"

அரங்கம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் புத்தகத்தின் அறுபதாம் பக்கம் கிழிந்துவிடும். மறுநாள் காலையே காவலரோடு ஆள் வந்து பலகையைப் பிடுங்கிவிடுவான். தராசு தலையை ஆட்டினார். கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டார். ஐந்தேகால் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. தடையின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் காலால் மிதித்துப் பார்த்தார். பேருந்து வந்தது. தங்கை மகள் இறங்கினாள்.

"விழாவுல என்ன மாமா சொன்னாங்க?"

"இங்க பலகை இல்லைன்னு சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுட்டேன்."

அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு அப்பால் லாரி ஒன்று உறுமுவது கேட்டது. வளைவில் திரும்பியது, பலகையைப் பார்த்தது, வேகம் குறைத்தது. அப்படியும் நம்பாமல், அது முழுசாக நிற்கும்வரை தராசு அவள் கையைப் பிடித்தபடியே நின்றார்.